இசைவு மணமுறிவு (இந்தியா)

இசைவு மணமுறிவு அல்லது பரஸ்பர சம்மத விவாகரத்து என்பது, கணவனும் மனைவியும் ஒருவர் மீது ஒருவர் குற்றம் சுமத்தாமல், தமது திருமணத்தை முடித்துக்கொள்வதற்காக இருவரும் சேர்ந்து நீதிமன்றத்தை அணுகிப் பெறும் மணமுறிவு ஆகும். இந்தியாவில் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்கள் ஆகியோருக்கு 1955 ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் உள்ள 13-பி பிரிவு இதற்கு வழி செய்கிறது. பதிவுத் திருமணம் செய்தோருக்குச் சிறப்புத் திருமணச் சட்டமும், பிற சமயத்தவருக்கு அவரவர் சட்டங்களும் பொருந்தும். தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் இது 'மியூச்சுவல்' என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது.

கொடுமை, கைவிடுதல், பிறர்மனை உறவு போன்ற குற்றச்சாட்டுகளைச் சாட்சிகள் வைத்து மெய்ப்பிக்கத் தேவையில்லை என்பதால் இது எளிய வழியாகக் கருதப்படுகிறது. அது பெருமளவு உண்மையே. ஆயினும், இம்முறையின் ஒரே அடித்தளம் இருவரின் இசைவு மட்டுமே. அவ்விசைவு மனுவில் கையெழுத்திடும் நாளில் இருந்தால் போதாது. நீதிமன்றம் தீர்ப்பாணை வழங்கும் நாள் வரை நீடிக்க வேண்டும். இம்முறையைச் சுற்றி எழுந்துள்ள சட்டச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விதியிலிருந்தே கிளைத்தவை.

வரலாறு

இந்து சாத்திரச் சட்டம் திருமணத்தை முறிக்க இயலாத பந்தமாகக் கருதியது. ஆனால் எல்லாச் சமூகங்களும் அவ்வாறு வாழவில்லை. தமிழகத்தின் பல சமூகங்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் முன்னிலையில் திருமணத்தைத் தீர்த்துக்கொண்டு, இருவரும் மறுமணம் செய்யும் வழக்கம் இருந்து வந்துள்ளது. எழுத்து வடிவிலான சட்டங்கள் பிற்பாடே வந்தன. பரோடா சமஸ்தானம் 1931 இலும், பம்பாய் மாகாணம் 1947 இலும், சென்னை மாகாணம் 1949 இலும் இந்துக்களுக்கு மணமுறிவு உரிமை அளிக்கும் சட்டங்களை இயற்றின. 1955 இல் நாடு முழுவதற்குமான இந்து திருமணச் சட்டம் இவற்றின் இடத்தைப் பிடித்தது.

1955 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இசைவு மணமுறிவுக்கு இடமில்லை. ஒருவர் தவறு செய்தவராகவும் மற்றவர் பாதிக்கப்பட்டவராகவும் இருந்தால்தான் மணமுறிவு கிடைக்கும். இருவரும் பேசி வைத்துக்கொண்டு வழக்காடுவது தெரிய வந்தால், அதுவே மனுவைத் தள்ளுபடி செய்யப் போதுமான காரணமாகும். அதாவது, சண்டையிடாமல் பிரிய விரும்பிய தம்பதியருக்குச் சட்டத்தில் வழியில்லை. ஆனால் ஓராண்டு முன்னதாக, 1954 இல் இயற்றப்பட்ட சிறப்புத் திருமணச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு இசைவு மணமுறிவை அனுமதித்திருந்தது. ஆகவே, பதிவாளர் முன் மணந்தவர்களுக்கு இருந்த இவ்வுரிமை, தாலி கட்டியோ அக்கினியை வலம் வந்தோ மணந்தவர்களுக்கு மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடைக்கவில்லை.

1976 ஆம் ஆண்டின் திருமணச் சட்டங்கள் திருத்தச் சட்டம் 13-பி பிரிவைச் சேர்த்தது. திருமணமான பின் மணமுறிவு கோரக் காத்திருக்க வேண்டிய காலத்தையும் அதே திருத்தம் மூன்று ஆண்டுகளிலிருந்து ஓர் ஆண்டாகக் குறைத்தது. தமிழ்நாட்டில் 1967 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் ஏற்பு பெற்ற சுயமரியாதைத் திருமணங்களும் இச்சட்டத்தின் கீழ் வருவதால், அவற்றுக்கும் இதே முறைதான்.

சட்டத்தின் கூறுகள்

13-பி பிரிவு இரு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில் கணவனும் மனைவியும் கூட்டாக மனு அளிக்கின்றனர். தாம் ஓராண்டு அல்லது அதற்கு மேல் பிரிந்து வாழ்வதாகவும், சேர்ந்து வாழ இயலவில்லை என்றும், திருமணத்தை முறித்துக்கொள்ள இருவரும் ஒப்புக்கொண்டதாகவும் அதில் கூற வேண்டும். மனு அளித்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்திற்குள், இருவரும் மீண்டும் நீதிமன்றத்தில் கோரிக்கை வைப்பது இரண்டாம் கட்டம். இடையில் மனு திரும்பப் பெறப்படவில்லையெனில், நீதிமன்றம் இருவரையும் விசாரித்து, மனுவில் கண்டவை உண்மை என நிறைவடைந்தால் மணமுறிவு ஆணை வழங்கும்.

'பிரிந்து வாழ்தல்' என்பது தனித்தனி வீட்டில் இருப்பதைக் குறிப்பதன்று. கணவன் மனைவியாக வாழாமையே அதன் பொருள் என 1991 இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் பிரிந்திருக்கலாம். வேலை நிமித்தம் வெவ்வேறு ஊர்களில் இருந்தும் பிரியாதிருக்கலாம். வாடகை, குழந்தைகளின் பள்ளி, முதிய பெற்றோர் ஆகிய காரணங்களால் வீட்டை விட்டு வெளியேற இயலாதோருக்கு இவ்விளக்கம் முக்கியமானது.

திருமணம் நடந்த இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் அல்லது மனைவி தற்போது வசிக்கும் இடம் ஆகியவற்றுள் ஒன்று எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறதோ, அங்கு மனு அளிக்கலாம். குடும்ப நல நீதிமன்றம் உள்ள இடங்களில் அந்நீதிமன்றமே இதை விசாரிக்கும். 1984 ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டப்படி, அங்கு வழக்கறிஞர் வைத்து வழக்காடுவது உரிமை அன்று. நீதிமன்றத்தின் அனுமதிக்கு உட்பட்டது. ஒரு தரப்பு கேட்டால் விசாரணை மூடிய அறையில் நடைபெற வேண்டும். இருவர் இசைவின் பேரில் பிறப்பித்த ஆணைக்கு மேல்முறையீடு கிடையாது.

ஆறு மாதக் காத்திருப்பு

இரு கட்டங்களுக்கும் இடைப்பட்ட ஆறு மாதம், அவசர முடிவைத் தடுக்கவும் மறுசிந்தனைக்கு இடம் தரவும் வைக்கப்பட்டது. நெடுங்காலம் இது பெரும்பாலும் தளர்த்த முடியாததாகவே கருதப்பட்டு வந்தது. பல ஆண்டுகள் வழக்காடிக் களைத்து, இறுதியில் சமாதானமாகப் பிரிய ஒப்புக்கொண்ட தம்பதியரும் மீண்டும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது.

2017 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்நிலையை மாற்றியது. ஆறு மாதக் காலம் கட்டாய விதி அன்று, வழிகாட்டும் விதியே என்று தீர்ப்பளித்தது. முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டு பிரிவு கழிந்திருக்க வேண்டும். சமரச முயற்சிகள் யாவும் தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சம், குழந்தைகளின் பொறுப்பு முதலியவற்றில் உண்மையான உடன்பாடு ஏற்பட்டிருக்க வேண்டும். மேலும் காத்திருப்பது துன்பத்தை நீட்டிக்க மட்டுமே செய்யும் என்ற நிலை இருக்க வேண்டும். இவற்றில் நிறைவடைந்தால் நீதிமன்றம் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம். முதல் மனு அளித்து ஒரு வாரம் கழித்து இதற்கெனத் தனி விண்ணப்பம் அளிக்க வேண்டும். இக்காரணிகள் முழுமையான பட்டியல் அல்ல என 2021 இல் அதே நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இத்தீர்ப்புக்குப் பின் பலரும் காத்திருப்புக் காலமே நீங்கிவிட்டதாக எண்ணுகின்றனர். அது தவறு. காலம் சட்டத்தில் அப்படியே உள்ளது; அதைத் தளர்த்துவது நீதிபதியின் விருப்புரிமை. உடன்பாடு அரைகுறையாக இருக்கும்போது, பணத்தின் பாதியும் நகைகளும் பின்னர் தரப்படும் என்ற நிலையில், அந்த ஆறு மாதம் பலவீனமான தரப்புக்கு ஒரு காப்பாகவும் அமைவதுண்டு.

இசைவைத் திரும்பப் பெறுதல்

கூட்டாக மனு அளித்தபின் ஒருவர் மட்டும் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதில் உயர் நீதிமன்றங்கள் நெடுங்காலம் வேறுபட்டன. மனு அளிக்கும் நாளில் இருந்த இசைவே போதும், பின்னர் ஒருவர் தனியாக விலக முடியாது என பம்பாய், தில்லி உயர் நீதிமன்றங்கள் கூறின. கேரளம் முதலிய நீதிமன்றங்கள் மாறாகக் கருதின. 1991 ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பின்னதை ஏற்றது. ஆணை பிறப்பிக்கும் வரை இருவரில் எவரும், மற்றவரின் ஒப்புதல் இன்றியே, இசைவைத் திரும்பப் பெறலாம். பதினெட்டு மாதம் என்ற வரம்பு வழக்கை விரைவாக முடிப்பதற்கானது மட்டுமே. அது கடந்துவிட்டாலும் விலகும் உரிமை போய்விடாது என்று 2011 இல் மீண்டும் உறுதி செய்தது.

ஒருவர் நீதிமன்றத்திற்கு வராமல் இருந்தால் அவர் இசைவு தொடர்வதாக ஊகிக்கலாமா என்ற கேள்விக்கு 2009 இல் விடை கிடைத்தது. ஊகிக்கக் கூடாது, நீதிமன்றம் அவரை நேரில் கேட்டு அறிய வேண்டும். இசைவு வன்முறையாலோ, மோசடியாலோ, தகாத செல்வாக்காலோ பெறப்பட்டதாக இருக்கக் கூடாது என்பதைச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. முதற்கட்டத்தில் பெருந்தொகையைப் பெற்றுக்கொண்டோ, தம் மீதான குற்ற வழக்கைத் திரும்பப் பெறச் செய்தோ, அதன்பின் இசைவை மறுப்போர் உள்ளனர். நீதிமன்றத்தில் அளித்த உறுதிமொழியை மீறுவது அவமதிப்புக் குற்றமாகலாம். ஆனால் அதற்காக ஒருவரை மணமுறிவுக்கு இசையும்படி கட்டாயப்படுத்த முடியாது என 2018 இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. அனுபவமுள்ள வழக்கறிஞர்கள் பணத்தைத் தவணைகளாகப் பிரித்து, இறுதித் தவணையை வரைவோலையாக இரண்டாம் கட்ட விசாரணையன்று நீதிபதியின் முன்னிலையில் கையளிக்கச் செய்வதன் காரணம் இதுவே.

உடன்படிக்கை

இசைவு மனுவின் உயிர்நாடி அதனுடன் இணைக்கப்படும் உடன்படிக்கை ஆகும். அவசரத்தில் எழுதப்படும் உடன்படிக்கைகளே பின்னாளில் புதிய வழக்குகளாக மாறுகின்றன.

முதலாவது பணம். நிரந்தர ஜீவனாம்சத்தை மாதத் தொகையாகவோ மொத்தத் தொகையாகவோ தீர்மானிக்கலாம். ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் தம் சொத்து, வருமானம், கடன் விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என 2020 இல் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. இசைவு மனுவுக்குத் தயாராவோரும் அதே படிவத்தை நிரப்பி ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்வது நல்லது. மற்றவரின் வருமானம் தெரியாமல் ஒப்புக்கொள்ளும் தொகையை இசைவு என்று அழைப்பது கடினம். கூட்டு வீட்டுக் கடன் இருப்பின், உடன்படிக்கை வங்கியைக் கட்டுப்படுத்தாது என்பதையும் கவனிக்க வேண்டும். 'கடனைக் கணவர் அடைப்பார்' என்று எழுதினாலும், வங்கி ஏட்டில் மனைவியின் பெயர் இருக்கும் வரை அவரும் கடனாளியே.

இரண்டாவது சீதனம். திருமணத்தின்போது பெண்ணுக்கு அளிக்கப்பட்ட நகைகளும் பொருட்களும் அவருக்கு மட்டுமே உரிய சொத்து என உச்ச நீதிமன்றம் 1985 இல் தீர்ப்பளித்துள்ளது. எனவே அவற்றைத் திருப்பித் தருவதை ஜீவனாம்சத்தின் ஒரு பகுதியாகக் கணக்கிடுவது முறையன்று. 'நகைகள் ஒப்படைக்கப்பட்டன' என்று பொதுவாக எழுதாமல், எத்தனை சவரன், எந்தெந்த நகை, எந்த நாளில் என எழுதுவது பின்னைய தகராறைத் தவிர்க்கும்.

மூன்றாவது குழந்தைகள். இதில் மட்டும் பெற்றோரின் இசைவு இறுதியானது அன்று. குழந்தையின் நலனே முதன்மையானது என்பதால், பெற்றோர் ஒப்புக்கொண்ட ஏற்பாட்டையும் நீதிமன்றம் பின்னர் மாற்றலாம். தாய் தன் ஜீவனாம்ச உரிமையை விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை என்பதே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. யாரிடம் குழந்தை வளரும் என்பதோடு நின்றுவிடாமல், பள்ளி விடுமுறை, பண்டிகை நாட்கள், கடவுச்சீட்டுக்கான ஒப்புதல், வெளியூர் மாற்றம் ஆகியவற்றையும் எழுதி வைப்பது வழக்கமாகி வருகிறது.

நான்காவது நிலுவை வழக்குகள். கணவர் மற்றும் அவர் குடும்பத்தார் மீதான கொடுமைப் புகார், முன்னர் இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ பிரிவிலும், 2024 சூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85 ஆம் பிரிவிலும் அடங்குகிறது. புகார் கொடுத்தவர் விரும்பினாலும் இவ்வழக்கைத் தாமாகத் திரும்பப் பெற முடியாது. உயர் நீதிமன்றத்தை அணுகி ரத்து செய்யப் பெற வேண்டும். கணவன் மனைவியிடையே உண்மையான சமாதானம் ஏற்பட்ட வழக்குகளில் உயர் நீதிமன்றம் இதைச் செய்யலாம் என 2003 இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. உடன்படிக்கையில் 'வழக்குகள் திரும்பப் பெறப்படும்' என்று ஒரு வரி எழுதிவிட்டு, இந்த மனுவைத் தாக்கல் செய்ய மறந்துவிடுவோர் உண்டு. மணமுறிவு கிடைத்துச் சில ஆண்டுகள் கழித்து, கடவுச்சீட்டைப் புதுப்பிக்கும்போதுதான் வழக்கு உயிரோடிருப்பது தெரிய வரும்.

ஒரே வழக்கறிஞர் இருவருக்கும் மனுவைத் தயாரிப்பது செலவைக் குறைக்கும் என்பதால் பரவலாக உள்ளது. தொகை ஏற்கெனவே பேசி முடிக்கப்பட்ட எளிய வழக்குகளில் இதனால் தீங்கில்லை. மற்றவற்றில், கட்டணம் தருபவரின் பக்கம் வரைவு சாய்வதைத் தடுப்பது கடினம். 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், வருமான வரம்பு எதுவுமின்றி, இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். கையெழுத்திடும் முன் உடன்படிக்கையை வேறொரு வழக்கறிஞரிடம் காட்டிப் படித்தறிய இது போதும்.

சமரசம்

இசைவு பெரும்பாலும் தானாக வருவதில்லை. பேச்சின் வழியே உருவாகிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரலில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சமரசத் தீர்வு மையம், இந்தியாவில் நீதிமன்றத்துடன் இணைந்த முதல் சமரச மையமாகும். பயிற்சி பெற்ற நடுவர், இருவருடனும் சேர்த்தும் தனித்தனியாகவும் பேசுவார். அங்கு சொல்லப்படுபவை நீதிமன்றத்தில் சான்றாகப் பயன்படுத்தப்பட மாட்டா. நடுவர் தீர்ப்பு சொல்வதில்லை. சேர்த்து வைப்பது மட்டுமே சமரசத்தின் நோக்கம் என்று எண்ணிப் பலர் அதைத் தவிர்க்கின்றனர். ஆனால் கண்ணியமாகப் பிரிவதற்கான ஏற்பாடும் சமரசத்தின் முறையான விளைவே. 2023 ஆம் ஆண்டின் சமரசச் சட்டம் இம்முறைக்கு நாடு தழுவிய சட்ட வடிவம் தந்தது. இருப்பினும், சமரச மையத்தில் எட்டப்படும் உடன்பாடு திருமணத்தை முறிக்காது. அதற்கு நீதிமன்றத்தின் ஆணை தேவை.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஸ்டூவர்ட் வெப் என்ற வழக்கறிஞர் 1990 இல் தொடங்கிய 'ஒத்துழைப்புச் சட்டமுறை' இதிலிருந்து வேறுபட்டது. அதில் இரு தரப்புக்கும் தனித்தனி வழக்கறிஞர் இருப்பர். ஆனால் பேச்சு தோற்று வழக்கு நீதிமன்றம் சென்றால் அவ்விரு வழக்கறிஞர்களும் விலகிக்கொள்ள வேண்டும். சண்டை நீள்வதால் வழக்கறிஞருக்கு வரக்கூடிய வருவாயை இவ்விதி அறுத்துவிடுகிறது. இந்தியாவில் இம்முறைக்கெனத் தனிச் சட்டம் இல்லை. எனினும் தரப்பினர் தமக்குள் இத்தகைய ஒப்பந்தம் செய்துகொள்ளத் தடையுமில்லை.

பத்திரத்தில் எழுதிப் பிரிதல்

முத்திரைத் தாளில் 'விடுதலைப் பத்திரம்' எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்டு, நோட்டரியிடம் முத்திரை பெற்றுப் பிரிந்துவிடும் பழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் காணப்படுகிறது. இத்தகைய பத்திரம் இந்து திருமணத்தை முறிக்காது. குறிப்பிட்ட சமூகத்தில் தொன்றுதொட்டு நிலவும் வழக்கத்தின்படி செய்யப்படும் மணமுறிவை மட்டும் சட்டத்தின் 29 ஆம் பிரிவு பாதுகாக்கிறது. அவ்வழக்கம் இருப்பதை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டிய சுமை அதைச் சொல்பவருடையது. மெய்ப்பிக்க இயலாவிட்டால் முதல் திருமணம் தொடர்வதாகவே பொருள். பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தவர் இருதார மணக் குற்றத்திற்கு ஆளாகலாம். அத்திருமணத்தில் வரும் பெண், மனைவி என்ற நிலையையும் அதன் வழி வரும் ஓய்வூதியம், வாரிசுரிமை ஆகியவற்றையும் இழக்க நேரிடும். பெரும்பாலும் கணவர் இறந்த பிறகே, வாரிசுச் சான்றிதழ் கேட்டுச் செல்லும்போது, இது வெளிப்படுகிறது.

பிற சமயத்தவர்

கிறித்தவர்களுக்கு 1869 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2001 இல்தான் 10-ஏ பிரிவின் மூலம் இசைவு மணமுறிவு சேர்க்கப்பட்டது. மற்றவர்களுக்கு ஓராண்டுப் பிரிவு போதும் என்றிருக்க, இவர்களுக்கு மட்டும் இரண்டு ஆண்டு விதிக்கப்பட்டது. கேரள உயர் நீதிமன்றம் 2010 இல் இதை ஓராண்டாகக் குறைத்து வாசித்தது; 2022 இல் அந்த ஓராண்டுக் கட்டாயத்தையும் அடிப்படை உரிமைக்கு முரணானது என நீக்கியது. பார்சிகளுக்கு 1988 ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வுரிமையைத் தந்தது.

இசுலாமியச் சட்டத்தில் இருவரும் ஒப்புக்கொண்டு பிரிவது 'முபாரத்' எனப்படும். மனைவி முன்வந்து கோருவது 'குலா' ஆகும். தனியார் அமைப்புகள் வழங்கும் குலா சான்றிதழ் செல்லாது என்றும், குடும்ப நல நீதிமன்றத்தை அணுக வேண்டும் என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது.

வெளிநாட்டில் வாழ்வோர்

இந்தியாவில் மணந்து வெளிநாட்டில் பணிபுரியும் தம்பதியர் அந்நாட்டிலேயே மணமுறிவு பெறுவதுண்டு. அவ்வாணை இந்தியாவில் எப்போது செல்லும் என்பதை 1991 இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. ஒருவர் மட்டும் அங்கு பெற்ற ஆணை, திருமணம் எந்தச் சட்டப்படி நடந்ததோ அச்சட்டம் ஏற்காத காரணத்தில் அமைந்திருந்தால், பொதுவாகச் செல்லாது. எதிர்த் தரப்பு தாமாக முன்வந்து அந்நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றிருந்தாலோ, இருவரும் ஆணைக்கு இசைந்திருந்தாலோ செல்லும். இந்தியாவில் மனு அளிப்போர் நேரில் வர இயலாதபோது, காணொளி வழியே விசாரிக்கவும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோர் மூலம் முன்னிலையாகவும் அனுமதிக்கலாம் என 2017 ஆம் ஆண்டுத் தீர்ப்பு குறிப்பிடுகிறது.

ஒருவர் மட்டும் மறுக்கும்போது

திருமணம் மீட்க இயலாதவாறு முறிந்துவிட்டது என்பதையே மணமுறிவுக்கான காரணமாகச் சேர்க்க வேண்டும் எனச் சட்ட ஆணையம் 1978 இலும் 2009 இலும் பரிந்துரைத்தது. இதற்கான சட்ட வரைவு 2010 இல் கொண்டுவரப்பட்டு, 2013 இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறாமல் 2014 இல் காலாவதியானது. எனவே இக்காரணம் சட்டத்தில் இடம்பெறவில்லை. 2023 மே 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அரசியலமைப்பின் 142 ஆம் உறுப்பின் கீழ் தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தால், ஒரு தரப்பு எதிர்த்தாலும் இத்தகைய திருமணத்தை முறிக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. இது தரப்பினர் உரிமையாகக் கோரக்கூடியது அன்று. இதற்கென நேரடியாக உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யவும் முடியாது. குடும்ப நல நீதிமன்றங்களுக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் இவ்வதிகாரம் இல்லை. அந்நீதிமன்றங்களில் மற்றவர் இசையாவிட்டால், குற்றச்சாட்டுகளை மெய்ப்பிக்கும் 13 ஆம் பிரிவு வழக்கே எஞ்சியிருக்கும் வழியாகும்.